பிரிஞ்சாங்கிலிருந்து கூடவே வந்த வைஃபை

ஏழு ரவிக்கைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக நான் மலேசியாவுக்குப் போனேன். ஊரில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. பாளையங்கோட்டை விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த பரமேஸ்வரி, கேமரன் மலையில் கோலா தெர்லா என்ற ஊரில் செவ்வந்தி வளர்க்கிறாள். அந்த மலையிலேயே பிறந்தவள். படிப்பதற்காக எங்கள் ஊருக்கு வந்து, முடித்ததும் திரும்பிப் போனவள். அவள் மகளுக்குக் கல்யாணம். அங்கே தைக்கிற ரவிக்கை அக்குளில் பிடிக்கிறதாம். அளவு ரவிக்கை தபாலில் திருநெல்வேலிக்கு வந்தது. தைத்த ஏழும் தபாலில் போனால் கசங்கிவிடும் என்று நான் அனுப்பப்பட்டேன்.

நான் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். இருபத்தாறு வருடம் பாடம் நடத்தியவளுக்கு ஒரு வார விடுப்பு கொடுக்க நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நான்காமவர் எதற்கென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பையில் ரவிக்கைகளோடு ஒரு மடிக்கணினியும் இருந்தது. அதற்குள் ஒரு வினாத்தாள் இருந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்புத் தேர்வுக்கு நான் தயாரித்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். வினாத்தாள் தயாரிப்பவர் யாரென்று வெளியில் தெரியக்கூடாது; தாள் வேறு யார் கண்ணிலும் படக்கூடாது; பட்டிருக்குமோ என்று சிறு சந்தேகம் வந்தாலும் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இப்படி உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்று மாதம் அதற்காக உழைத்தேன். என் கணவருக்குக்கூடத் தெரியாது. நான் ஏதோ ஆன்லைன் வகுப்பில் சேர்ந்திருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை பேருந்து மலையேறிக்கொண்டிருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது. ஒரு வினாவில் அலகு தவறாக இருக்கிறது, திருத்தி இன்று மாலை ஆறு மணிக்குள் மறுபடி ஏற்றவும் என்றது. இந்த மலைப்பாதையின் வளைவுகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு முன்னால் இருந்த சீனப் பெண்மணி ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு ஆரஞ்சுச் சுளை வாயில் போட்டுக்கொண்டார், வாந்தி வராமலிருக்க. மொத்தம் மூன்று ஆரஞ்சு காலி. நான் ஜன்னல் பக்கம் பார்க்கவேயில்லை. தேயிலை என்ன, எங்கேயும் ஓடிப்போகப் போவதில்லை.

பேருந்து பிரிஞ்சாங்கில் நின்றது. நின்றதோடு சரி. வடக்கே போகும் சாலையில் மண் சரிந்திருந்தது. பரமு, அந்த நாட்டுப் பேச்சில் ஒட்டிக்கொண்டு வரும் 'லா'வோடு, போனில் கூப்பிட்டாள்.

"நாளைக்குத்தான் லா வழி விடுவானுங்க. அங்கயே ஒரு ஓட்டல்ல படுத்துக்க. பாய் கடையில சாப்பிடு, வேற எங்கயும் சாப்பிடாத. ரவிக்கை பத்திரம்டி!"

என்னைப் பத்திரமாக இருக்கச் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

ஓட்டல் அறையில் வெந்நீர் வந்தது, இணையம் வரவில்லை. ஊரிலிருந்து போட்டுக்கொண்டு வந்த ரோமிங் பொதியும் மலையில் ஏறியதும் படுத்துவிட்டது. ஆகவே மூன்று மணிக்கு மடிக்கணினியோடு பாய் கடைக்குப் போனேன். நீளமான கடை, தகர நாற்காலிகள், ஒரு பக்கம் ரொட்டி சானாய் வீசுகிறவர். வீசுவதைப் பார்த்தால் வேட்டி உலர்த்துவதுபோல இருக்கும். தின்றால் நம் பரோட்டாவின் மெலிந்த தங்கை. பருப்புக் குழம்பு தொட்டுக்கொள்ள. நன்றாகவே இருந்தது. தேநீர்தான் ஏமாற்றம். சுற்றிலும் மலை மலையாகத் தேயிலையை வைத்துக்கொண்டு, கடையில் கெட்டிப்பாலை ஊற்றித் தேயிலையின் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

கடைக்காரர் மைதீன் பாய் நான் பேசிய இரண்டாவது வாக்கியத்திலேயே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அக்கா திருநவேலியா? எங்க பாட்டன் கடையநல்லூரு. நான் பாத்ததில்ல. அங்க இன்னும் வெயிலா?"

இன்னும் வெயில்தான் என்றேன். சந்தோஷப்பட்டார். சுவரைக் காட்டினார். வைஃபை பெயர் 'மக்கான் டுலு'. மலாயில் 'முதலில் சாப்பிடு' என்று பொருள். கீழே கொட்டை எழுத்தில் கடவுச்சொல். தெருவிலிருந்தே படிக்கலாம்.

இங்கே எங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகத்துச் செந்திலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளம்பும் முன் என் மடிக்கணினியில் வி.பி.என். போட்டுக் கொடுத்தது அவர்தான். விளக்கவும் செய்தார், எனக்குப் புரியவில்லை. பிறகு நானாக விடுதி வார்டனை வைத்துப் புரிந்துகொண்டேன். அந்தக் காலத்தில் எங்கள் கடிதங்களெல்லாம் வார்டன் மேஜை வழியாகத்தான் போகும். ஒட்டாத உறையை அவர் பிரித்துப் படிப்பார். ஒட்டியிருந்தாலும் யாருக்குப் போகிறது என்று பார்ப்பார். பொது வைஃபை அந்த மேஜை. அதை வைத்திருப்பவன் நினைத்தால் பார்க்கலாம். வி.பி.என். என்பது கடிதத்தை ஒரு பூட்டிய பெட்டிக்குள் போட்டு அனுப்புவது. பெட்டி போகிறது என்று வார்டனுக்குத் தெரியும். யாருக்கு, என்ன என்று தெரியாது. பெட்டியைத் திறப்பது வேறெங்கோ இருக்கும் வி.பி.என். நிறுவனம். ஆகவே அவர்களை நம்பித்தான் ஆக வேண்டும். "யாரையாவது ஒருத்தர நம்பணும் மேடம், கண்டவனை நம்புறதுக்கு இது தேவல" என்றார் செந்தில்.

மூன்று விஷயம் சொல்லி அனுப்பினார். வைஃபையில் சேர்ந்ததும், வேறு எதையும் திறப்பதற்கு முன் வி.பி.என்.னைப் போட வேண்டும். வி.பி.என். அறுந்தால் இணையமே நிற்க வேண்டும், அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதில் டிக் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்த வைஃபையைக் கணினியிலிருந்து மறக்கடித்துவிட வேண்டும். இல்லையென்றால் அதே பெயரை எங்கே பார்த்தாலும் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு இது மிகவும் தேவைப்பட்டது. பல்கலைக்கழகத்தின் ஏற்றும் பக்கம் பழையது, முகவரிக்கு முன்னால் பூட்டுக் குறி கிடையாது. 'பாதுகாப்பற்றது' என்று உலாவியே சிவப்பில் சொல்லும். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்பை அந்தப் பக்கம் ஏற்காது. அதாவது ஒட்டாத உறை. பலமுறை எழுதிக் கேட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள்.

வி.பி.என்.னைப் போட்டேன். உடனே நான் ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாட்டில் இருப்பதாகக் கணினி நம்பிவிட்டது. மூலையில் மிதிவண்டி விளம்பரங்கள் வந்தன. அலகைத் திருத்தினேன். கோப்பை ஏற்றிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தது, மின்சாரம் போயிற்று. தலைக்கு மேல் விசிறி நின்றது. 'மீண்டும் முயலவும்' என்றது பக்கம். மறுபடி அழுத்தினேன், போய்விட்டது. 'பெறப்பட்டது' என்று வந்தது. மைதீன் பாய் இருட்டில் நின்றபடி, "கரண்ட் வர்ற வரைக்கும் தண்ணி மட்டும்தான் அக்கா, ரொட்டி இல்ல" என்று எல்லா மேஜைக்கும் சொல்லிக்கொண்டு போனார். இங்கே தேநீரைத் தண்ணி என்கிறார்கள். இன்னொரு தண்ணி குடித்தேன். வேலை முடிந்த நிம்மதியில் கெட்டிப்பாலைக்கூட மன்னித்துவிட்டேன்.

வியாழன் காலை சாலை திறந்தது. பரமு பூ ஏற்றும் வேனிலேயே வந்தாள். முப்பது வருடத்துக்குப் பிறகு பார்க்கிறோம். கட்டிப்பிடித்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். பையைத் திறந்து ரவிக்கைகளை எண்ணினாள். ஏழு என்றானதும் கட்டிப்பிடித்தாள்.

வழியெல்லாம் பிளாஸ்டிக் கூரை. மலையைப் படிபடியாக வெட்டி, படி முழுவதையும் வெள்ளைப் பிளாஸ்டிக்கால் மூடியிருக்கிறார்கள். தேயிலை இருக்கும் பக்கம் அழகு, காய்கறி இருக்கும் பக்கம் வருமானம் என்றாள் பரமு. சாலையில் மண்ணை இன்னும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இப்படிச் சரிந்தால் பத்து பேர் வேலை செய்வார்கள், நூறு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். இங்கே வேடிக்கை பார்க்க ஆளே இல்லை. எல்லோரும் லாரிக்குள், இங்கே அது லோரி, உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோலா தெர்லாவில் பரமு வீட்டில் மதியம் கருவாட்டுக் குழம்பு. கூடவே முட்டைகோஸ் பொரியல், முட்டைகோஸ் சம்பல், முட்டைகோஸ் போட்ட பருப்பு. சாப்பிட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து ரசீது வந்திருக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தேன்.

"வைஃபை பாஸ்வேர்ட் என்னடி?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுதா? சரிவுல கேபிள் போச்சு, ரெண்டு நாளா செத்துக் கிடக்கு" என்றாள் பரமு. பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தாள். "ஆனா படம் ஓடுதே. அப்ப வந்துருச்சு போல."

என் மடிக்கணினியைத் திறந்தேன். அது ஏற்கெனவே இணையத்தில் இருந்தது. பெயர், 'மக்கான் டுலு'.

பாய் கடை எங்கே, பரமுவின் வீடு எங்கே. நடுவில் பத்து மைலுக்குக் குறையாது. எந்த வைஃபையும் அவ்வளவு தூரம் வராது. செந்தில் சொன்னவற்றில் இதுவும் இருந்தது. திருடுகிறவர்கள் தெரிந்த கடையின் பெயரிலேயே போலி வைஃபை வைப்பார்கள். நம் கருவி பெயரை நம்பிப் போய் ஒட்டிக்கொள்ளும். நான் மறக்கடிக்க மறந்திருந்தேன்.

வி.பி.என். குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். நேற்று நான்கு பத்துக்கு இணைப்பு அறுந்திருந்தது. மறுபடி சேர்ந்தது நான்கு இருபதுக்கு. 'பெறப்பட்டது' என்று வந்தது நான்கு பதினான்குக்கு. அறுந்தால் எல்லாம் நிற்க வேண்டுமே என்று கட்டத்தைப் பார்த்தேன். டிக் இல்லை. அதை எடுத்தது நானேதான். கோலாலம்பூர் விமான நிலையத்தில் வைஃபையின் நுழைவுப் பக்கம் திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. கட்டத்தை எடுத்ததும் திறந்தது. திரும்பப் போட மறந்தேன்.

அதற்குப் பிறகுதான் விசிறி ஞாபகம் வந்தது. 'பெறப்பட்டது' வந்தபோது தலைக்கு மேல் விசிறி ஓடவில்லை. கடையில் மின்சாரமே இல்லை. மின்சாரம் இல்லாத கடையின் வைஃபை என் தாளை எப்படி வாங்கிக்கொண்டு போயிருக்க முடியும்? என் வினாத்தாள் பூட்டில்லாமல், பெட்டியில்லாமல், வேறு யாருடைய மேஜை வழியாகவோ போயிருக்கிறது.

பயந்துவிட்டேன் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். தாள் வெளியானால் தேர்வு ரத்தாகும். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மறுபடி எழுத வேண்டும். என்னைக் கூண்டில் ஏற்றுவார்கள். உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற உறுதிமொழி வரி ஞாபகத்துக்கு வந்தது. தெரிந்துகொண்டு தெரிவிக்கலாமே என்று அதை ஒரு நாள் தள்ளிவைத்தேன். அது தப்பு. ஆனால் அப்படித்தான் செய்தேன்.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? வயித்துக்குச் சரியில்லயா?" என்றாள் பரமு.

"முட்டைகோஸ்" என்றேன்.

வெள்ளிக்கிழமை கல்யாணப் பத்திரிகை கொடுக்க அவளோடு பக்கத்து ஊரான கம்போங் ராஜாவுக்குப் போனேன். அவள் பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். நான் மடிக்கணினியை வைத்துக்கொண்டேன். எதையும் திறக்கவில்லை, வைஃபை பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். உரக்கடை வாசலில் 'மக்கான் டுலு'. கோயில் வாசலில் 'மக்கான் டுலு'. ஒரு வீட்டில் சர்பத் கொடுத்தார்கள்; சர்பத்தோடு 'மக்கான் டுலு'.

"யாருக்குடி மெசேஜ் பாக்குற? வீட்டுக்காரருக்கு இல்லன்னு மட்டும் தெரியுது" என்றாள் பரமு. அவளுக்கு ஒரு கதை தயாராகிவிட்டது என்பது குரலிலேயே தெரிந்தது.

பிறகு ஒரு முட்டைகோஸ் லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். ஏற்றத்தில் அது மூச்சிரைத்துக்கொண்டு போயிற்று. பட்டியலில் மக்கான் டுலுவுக்கு எல்லாக் கோடுகளும் நிறைந்திருந்தன. லோரி சற்று முன்னால் போனால் ஒரு கோடு குறைந்தது. நாங்கள் நெருங்கினால் கூடியது. மூன்று வளைவு பார்த்தேன். சந்தேகமே இல்லை.

"அந்த லோரியை விடாதே" என்றேன்.

"ஏன்? நம்ம குணா லோரிதான் அது. எங்க வீட்டுக்குக் கீழ லைன் வீட்டுல இருக்கான். தினமும் நம்ம வாசலுக்கு நேரா தான் நிப்பாட்டுவான்."

கம்போங் ராஜாவில் ஒரு தேநீர்க் கடை ஓரத்தில் லோரி நின்றது. இறங்கியவருக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தில் துண்டு, ரப்பர் பூட்ஸ். பரமுவைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். மனதில் நான் வரைந்துவைத்திருந்த கள்வனுக்கும் இவருக்கும் துளி ஒற்றுமையும் இல்லை.

"குணா, இது என் கூட்டாளி. ஊர்ல டீச்சர்" என்றாள் பரமு. "உன் லோரிய புடிக்கச் சொல்லி ஒரே ரகளை."

உங்கள் போனில் மக்கான் டுலு என்று வைஃபை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"ஆமா டீச்சர், என்னோடதுதான். ஏன், தப்பா?"

"அது பாய் கடைப் பேராச்சே?"

"அதான் லா விசயம்!" குணா உட்கார்ந்துகொண்டார். "எங்க அம்மாவுக்கு இங்கிலீஸ் எழுத்து தெரியாது. தோட்டத்துல நேப்பாளக்காரங்க இருக்காங்க, பங்களாதேஷ்காரங்க இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் பாஸ்வேர்ட் அடிச்சிக் குடுக்கிறதுக்குள்ள கோஸ் ஏத்தி முடிஞ்சிரும். பாய் கடையில சாப்பிடாத ஆளு இந்த மலையில உண்டா? எல்லா போன்லயும் அந்த வைஃபை ஏற்கெனவே இருக்கு. அதே பேரு, அதே பாஸ்வேர்ட நான் போட்டேன். இப்ப நான் எங்க நிப்பாட்டினாலும் எல்லாப் போனும் தானா ஒட்டிக்கும். ஒருத்தனும் என்னைக் கேக்க வேணாம். செனாங் லா."

செனாங் என்றால் சுலபம். இதைவிடச் சுலபம் இருக்க முடியாது. தன் காசில் வாங்கிய இணையத்தை மலை முழுக்க இலவசமாகத் தெளித்துக்கொண்டு போகும் மனிதரை நான் நேற்றெல்லாம் கொள்ளைக்காரனாக நினைத்திருந்தேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. சிரிப்புகூட வந்தது. புதன்கிழமை நான்கு மணிக்கு நீங்கள் பிரிஞ்சாங்கில் பாய் கடை வாசலில்தானே நின்றிருந்தீர்கள் என்று கேட்டேன்.

"புதனா? இல்ல டீச்சர். புதன் நான் கீழ ஈப்போ டவுன்ல. ரோட்டுல மண்ணு, வரவே முடியல."

"அப்படியென்றால் அங்கே இருந்தது யாருடையது?"

"யாருதுன்னு சொல்ல?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னைப் பாத்து கிருஷ்ணன் போட்டான். பூ வேன் செல்வம் போட்டான். கீழ் லைன்ல வீட்டு மோடத்துக்கே அந்தப் பேருதான். பெரட்டாசி சந்தைக்கு வந்த ஆளுங்க பாத்துட்டுப் போயி போட்டிருக்காங்க. மொத்தம் எத்தன பேருன்னு யாருக்கும் தெரியாது. குரூப்புல கேக்கட்டா? ஏதாச்சும் போயிருச்சா? என்ன போச்சுன்னு சொல்லுங்க, அஞ்சு நிமிசத்துல புடிச்சிரலாம்."

என்ன போயிற்று என்றுதான் நான் சொல்லக் கூடாது.

"ஒன்றும் போகவில்லை" என்றேன்.

தேநீர் வந்தது. குடிக்காமல் யோசித்தேன். முட்டைகோஸ் ஏற்றுகிறவர்களும் பூ ஏற்றுகிறவர்களும் என் வினாத்தாளை எடுத்து என்ன செய்யப் போகிறார்கள்? ஒன்றும் செய்யப் போவதில்லை, அது எனக்கு நிச்சயம். ஆனால் கடவுச்சொல் சுவரில் இருக்கிறது. நல்லவர்கள் பத்து பேர் அந்தப் பெயரில் வைத்திருந்தால், பதினோராவது ஆளும் வைத்திருக்கலாம், யாருக்கும் தெரியாது. எல்லோரும் ஒரே சட்டை போட்ட ஊரில் அந்நியனை எப்படிக் கண்டுபிடிப்பது? சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. அதுதான் உறுத்தியது. தேர்வு நாளில் காலை பத்து மணிக்கு எந்தப் பிள்ளையின் போனிலாவது என் தாள் இருக்குமோ என்று நான் உட்கார்ந்திருக்க வேண்டும். சொன்னால் மூன்று மாத உழைப்பு குப்பைக்குப் போகும்.

மடிக்கணினியைத் திறந்தேன். முதலில் அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன். பிறகு குணாவின் மக்கான் டுலுவில் சேர்ந்தேன், வி.பி.என்.னைப் போட்டேன், பச்சை வந்ததும் எழுதினேன். புதன்கிழமை நான்கு பதினான்குக்கு என் தாள் பாதுகாப்பில்லாத இணைப்பில் போயிருக்கிறது, திருட்டு நடந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை, நடக்கவில்லை என்று என்னால் உறுதி சொல்ல இயலவில்லை, தவறு என்னுடையது, நேற்றே தெரிவித்திருக்க வேண்டும். பெட்டிக்குள் போட்டுவிட்டால் அது யார் மேஜை என்பது பொருட்டில்லை. முட்டைகோஸ் லோரி வழியாகவே கடிதம் போயிற்று.

"யாருக்குடி?" என்றாள் பரமு.

"அப்புறம் சொல்கிறேன்."

"அப்ப இருக்கு!" என்று குணாவைப் பார்த்துத் தலையாட்டினாள்.

திரும்பும் வழியில் வெந்த சோளம் வாங்கிக் கொடுத்தாள். பால்போல இனித்தது. எங்கள் ஊர்ச் சோளத்துக்குப் பல் வேண்டும். இது நாக்கு போதும். அரைக் கதிருக்கு மேல் எனக்கு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை பரமு தோட்டத்துக்குக் கூப்பிட்டாள். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே மஞ்சளும் வெள்ளையுமாகச் செவ்வந்தி, வரிசை வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வழிபாட்டில் நிற்பதுபோல. கோடியில் ஒரு கொட்டகை. அங்கே இரண்டு பெரிய தொட்டிகளில் உரம் கரைத்துவைத்திருந்தாள். கொட்டகையில் நிற்கும்போது என் ரோமிங் பொதிக்குத் திடீரென்று உயிர் வந்து, போனில் பதில் விழுந்தது.

நான்கே வரி. தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் வினாத்தாள் ரத்து செய்யப்பட்டு மாற்றுத் தாள் பயன்படுத்தப்படும். தங்களிடமுள்ள பிரதியை அழித்துவிடவும். இனி தங்கள் பெயர் வினாத்தாள் தயாரிப்போர் பட்டியலில் இடம்பெறாது.

அழுகை வந்துவிட்டது. வயதுக்குப் பொருந்தாத அழுகை. பரமு ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

"யாருடி அவன்?"

சொன்னேன். ஒருவனும் இல்லை, ஒரு தாள் என்று. முழுவதும் சொன்னேன், விசிறி வரைக்கும். அவள் எதிர்பார்த்த கதையைவிட இது மட்டமான கதை. ஆனாலும் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "எங்க, காட்டு. நானும் கெமிஸ்ட்ரிதானே" என்றாள்.

அழிக்கத்தான் சொல்லியிருந்தார்கள். மூன்று மாத வேலையை ஒரே ஒருவராவது பார்த்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. மடிக்கணினியைத் திறந்து உர மூட்டை மேல் வைத்தேன். பரமு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தேர்வு மண்டபத்தில் உட்கார்வதுபோலவே உட்கார்ந்தாள். முதல் வினாவுக்கு வாயாலேயே விடை சொன்னாள், சரி. இரண்டாவது மறந்துபோச்சு என்றாள். நான்காவதில் நின்றுவிட்டாள். எனக்கு மிகவும் பிடித்த வினா அது. வாழ்க்கையோடு வேதியியலைச் சேர்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்ததால், யோசித்து யோசித்து எழுதியது.

"ஒரு விவசாயி அரை மோலார் கால்சியம் நைட்ரேட் கரைசலையும், அதே அளவு அரை மோலார் மெக்னீசியம் சல்ஃபேட் கரைசலையும் ஒரே தொட்டியில் கலக்கிறார். கிடைக்கும் தெளிந்த கரைசலில் ஒவ்வோர் அயனியின் செறிவையும் காண்க" என்று சத்தமாகப் படித்தாள். நிமிர்ந்தாள்.

"இந்த விவசாயி யாருடி?"

"யாரோ ஒருவர். ஏன்?"

"இந்தாளு தோட்டம் உருப்பட்டாப்லதான். தெளிஞ்ச கரைசல் எங்கடி கிடைக்கும்? ரெண்டையும் ஒண்ணா ஊத்தினா சுண்ணாம்பு மாதிரி கட்டி தட்டிப்போகும் லா. ஓஸ் பைப்பு பூரா அடைச்சிக்கும். இந்தா பாரு," என்று இரண்டு தொட்டிகளையும் தட்டினாள், "கால்சியம் இதுல, சல்ஃபேட் அதுல. எங்கிட்ட வேலைக்கு வர்றவனுக்கு முதல் நாளே சொல்றது இதான்."

நான் இரண்டு தொட்டிகளையும் பார்த்தேன். கால்சியம் சல்ஃபேட். ஜிப்சம். தண்ணீரில் லேசில் கரையாது என்று இருபத்தாறு வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். தாள் எழுதும்போது எண்ணைத்தான் பார்த்தேன், தொட்டியைப் பார்க்கவில்லை. அலகுத் தவறைக் கண்டுபிடித்து அனுப்பியவர்களும் இதைப் பார்க்கவில்லை.

"வேற யார்கிட்டயும் காட்டலையா?" என்றாள் பரமு.

"காட்டக் கூடாது."

"அடிப் பாவி" என்றாள், நிஜமான பரிதாபத்தோடு.

பூ வெட்டுகிறவர்கள் கூப்பிட்டார்கள், அவள் எழுந்து போனாள். நான் மூட்டை அருகே உட்கார்ந்து அந்த வினாவைத் திருத்தினேன். விவசாயிக்கு இரண்டு தொட்டி கொடுத்தேன். ஏன் தனித்தனியாக வைக்கிறார் என்று கேட்டேன். மதிப்பெண்ணையும் ஒன்று கூட்டினேன். ஒருமுறை முழுவதும் படித்துப் பார்த்தேன். நல்ல தாள். பிறகு அழித்தேன்.